ஃபெடோராவில் இருந்தே டெபியன் பொதி கட்ட

ஃபெடோரா லினக்ஸில் கம்பைல் செய்த நிரலை அப்படியே டெப் கோப்பாக்கி (டெபியனின் நிறுவல் பொதி), இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன் 12 பயனருக்கு அனுப்பாதீர்கள். அங்கே இருப்பது ஜிலிப்சி (நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம்) 2.36, உங்களுடையது அதைவிடப் புதியது என்றால் நிரல் திறக்கவே மறுக்கலாம்.

இதற்காக இன்னொரு கணினி தேவையில்லை. கன்டெய்னர்களை (தனித்து இயங்கும் சூழல்களை) ஓட்டும் கருவியான பாட்மேனில் டெபியன் புக்வோர்ம் (அதாவது டெபியன் 12) கன்டெய்னரைத் திறந்து, ஆப்ட் அப்டேட் ஓட்டி, கம்பைல் கருவிகளின் தொகுப்பான பில்ட்-எசென்ஷியலை நிறுவுங்கள். அப்புறம் மூலநிரல் அடைவுக்குள் போய் 'ஆப்ட் பில்ட்-டெப்' என்பதோடு ஓர் இடைவெளி விட்டு, புள்ளியும் சாய்கோடும் போட்டால் தேவையான சார்புகள் தானாக வந்துவிடும். பிறகு டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ் கட்டளையை ஓட்டிப் பொதியைக் கட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டெப் கோப்பு மூலநிரல் அடைவில் விழாது, அதற்கு மேலடைவில்தான் விழும். உங்கள் கணினியின் அடைவைக் கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்யும்போதே (இணைக்கும்போதே) மேலடைவைக் கொடுங்கள். இல்லையென்றால் கன்டெய்னரை அழிக்கும்போது டெப் கோப்பும் போய்விடும். ஃபெடோராவின் பாதுகாப்பு அமைப்பான எஸ்இலினக்ஸ் தடுக்காமலிருக்க, மவுன்ட் பாதையின் கடைசியில் முக்காற்புள்ளியும் பெரிய இசட்டும் சேருங்கள்.