ஏர்போர்ட் வேலையில் தொடங்கி விமானி ஆக நினைப்பவர்களுக்கு

போன மாதம் பாறசாலையிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். "அக்கா, கிரவுண்ட் ஸ்டாஃபா சேர்ந்தா அப்படியே பைலட் ஆயிரலாமா?" என்று கேட்டாள். ஆக முடியாது. கவுண்டரில் நிற்பவருக்கு காக்பிட்டில் பதவி உயர்வு கிடையாது. ஆனால் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டு விமானி ஆகும் வழி ஒன்று இருக்கிறது, நான் அதில்தான் போய்க்கொண்டிருக்கிறேன். எனக்குக் களியக்காவிளை. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் 4 வருடம் வேலை பார்த்தேன். இப்போது ஒரு பயிற்சிப் பள்ளியில் 112 மணி நேரம் பறந்திருக்கிறேன். அவளிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மெடிக்கல். விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 பரிசோதனை, அப்புறம் கிளாஸ் 1. கண்ணாடி போடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், கண்ணாடியோடு 6/6 தெரிந்தால் சரி. நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் சிக்கல். என்னோடு ரேம்பில், அதாவது விமானங்கள் நிற்கும் தளத்தில், வேலை பார்த்த ஒரு அண்ணன் 3 வருடம் பணம் சேர்த்துவிட்டு மெடிக்கலுக்குப் போனார். புள்ளிப் படங்களுக்குள் எண் தெரியவில்லை. திரும்பி வந்து கேண்டீனில் சாயாவை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த 3 வருடத்தை யாரும் அவருக்குத் திருப்பித் தர முடியாது. அதனால்தான் சொல்கிறேன், மெடிக்கல் முதலில்.

அடுத்தது பெயர். இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரிய தொல்லை. என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் வேறு மாதிரி. தேர்வு எழுத டிஜிசிஏவிடம் கம்ப்யூட்டர் நம்பர் வாங்க வேண்டும். அங்கே சான்றிதழ்கள் ஒத்துப்போகாமல் எனக்கு 5 மாதம் போனது. இப்போதே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இல்லையென்றால், அந்த இரண்டை மட்டும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் எழுதித் தேறலாம்.

இனி வேலை. சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும். ரேம்பில் வண்டி ஓட்டக் கனரக லைசென்ஸ், ரேம்ப் எக்ஸிகியூட்டிவுக்கு டிப்ளமோ அல்லது ஐடிஐ, கவுண்டருக்குப் பிளஸ் டூ அல்லது டிகிரி. ஏஐ ஏர்போர்ட் சர்வீசஸ் போன்ற தரைப்பணி நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே அறிவித்து நேர்காணலுக்குக் கூப்பிடுகின்றன. "ஏர்போர்ட் டிப்ளமோ" எதுவும் கேட்பதில்லை. இது தெரியாமல், வேலை உறுதி என்ற ஒரு இன்ஸ்டிட்யூட்டில் அப்பா ரப்பர் வெட்டிச் சேர்த்த 85,000 ரூபாயைக் கட்டினேன். ஸ்கார்ஃப் கட்டவும் சிரிக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். வேலை நானே விண்ணப்பித்துத்தான் கிடைத்தது.

தமிழும் மலையாளமும் தெரிந்த எல்லைப் பிள்ளைகளுக்கு திருவனந்தபுரத்தில் நல்ல மதிப்பு. ஆங்கிலம் கட்டாயம், இந்தி வந்தால் இன்னும் நல்லது. வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில் என்பதால் ஏர்போர்ட்டுக்குள் போகும் பாஸுக்கான போலீஸ் விசாரணைக்கு நாள் பிடிக்கும், காத்திருங்கள். விடிகாலை 4 மணி ஷிஃப்டுக்குக் களியக்காவிளையிலிருந்து பஸ்ஸை நம்ப முடியாது. நான் வள்ளக்கடவில் ரூம் எடுத்தேன்.

கவுண்டரிலேயே நின்றுவிடாதீர்கள். நான் ஒன்றரை வருடம் பெட்டிகளை எடை போட்டேன். வளைகுடா போகிறவர்களிடம் கொப்பரையைத் திருப்பிக் கொடுத்து, அது தானாகச் சூடேறும் பொருள், விமானத்தில் ஆபத்து என்று விளக்கினேன். அதுவும் படிப்புதான். ஆனால் விமானம் புரிந்தது, விமானத்தில் எடை எங்கே எவ்வளவு என்று கணக்குப் போடும் லோட் கன்ட்ரோலுக்கு மாற்றல் கேட்டுப் போன பிறகே. ஒரு நாள் புறப்பட 12 நிமிடம் இருக்கும்போது, பின் ஹோல்டில் (சரக்கு அறையில்) ஏறவேண்டிய 400 கிலோ காய்கறிப் பெட்டிகள் முன் ஹோல்டில் ஏறிவிட்டன. எடைக் கணக்கு ஷீட்டைத் திரும்பப் போட்டேன். மொத்த எடை ஒரு கிலோகூட மாறவில்லை, எடை மையம் மட்டும் முன்னே நகர்ந்திருந்தது. ஓடிப்போய்க் கொடுத்தேன். கேப்டன் புது எண்ணைப் பார்த்து, மூக்கு ஏறாமல் தாழாமல் விமானத்தைச் சமன் செய்யும் டிரிம்மை மாற்றினார். அந்த 737-இல் இருக்கைகளுக்கு நடுவே இருந்த கருப்புச் சக்கரம் கடகடவென்று சுழன்று நின்றது. பாடப்புத்தகத்தில் எடை மையத்தை நான்கு முறை படித்தும் புரியாதது அந்தச் சத்தத்தில் புரிந்தது.

தேர்வுக்கும் இப்படித்தான் படித்தேன். நேவிகேஷன், வானிலை, ஏர் ரெகுலேஷன், டெக்னிக்கலில் இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் தேர்வு தனி. ஷிஃப்ட் தொடங்கும்போது மெட்டார் என்ற விமான நிலைய வானிலை அறிக்கையை வாசியுங்கள். 32006 என்று வந்தால் 320 டிகிரி திசையிலிருந்து 6 நாட் வேகத்தில் காற்று. திருவனந்தபுரத்தில் நம் ஓடுபாதை 14/32, அதாவது ஒரு பக்கம் 140 டிகிரி, மறுபக்கம் 320 டிகிரி திசை. காற்றை எதிர்த்துத்தான் இறங்குவார்கள். எந்தப் பக்கம் இறங்குவார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டு வெளியே பாருங்கள். டியூட்டி நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதிப் பழகுங்கள், விடிகாலை 4 மணி என்பது முந்தைய நாள் 22:30. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். அதற்கு விமானிகளுக்கு வரும் அறிவிப்பான நோட்டாமை (NOTAM) வரி வரியாகப் படித்தால் நோட்டாம் என்பது என்னவென்று பிறகு மறக்கவே மறக்காது.

பணம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். எனக்குக் கைக்கு வந்தது 19,000, மாதம் 8,000 மிச்சம் பிடித்தேன். மெடிக்கல், தேர்வுக் கட்டணம், வகுப்பு, ஆர்டிஆர் எல்லாம் அதில் முடிந்தன. ஆனால் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அதற்கு 50 லட்சத்தை ஒட்டி ஆகிறது. சம்பளத்தில் அது நடக்காது. கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்கும். எங்கள் 60 சென்ட் ரப்பர் தோட்டம் இப்போது வங்கியில் இருக்கிறது. அதை அப்பாவிடம் கேட்கும் முன், ஐந்து தாளும் தேறிய முடிவுகளையும் கிளாஸ் 1 சான்றையும் அவர் கையில் கொடுத்தேன். நீங்களும் அந்த வரிசையிலேயே கேளுங்கள். அமேதியில் உள்ள அரசுப் பயிற்சி நிலையமான இக்ருவாவின் நுழைவுத் தேர்வையும் எழுதிப் பாருங்கள். பள்ளியில் பணம் கட்டும் முன் நேரில் போய், எத்தனை விமானம் உண்மையில் பறக்கிறது என்று எண்ணுங்கள். ஒரே தவணையில் முழுதும் கட்டாதீர்கள்.

வேலையை விடும்போது நோட்டீஸ் நாட்களை முழுதாக முடியுங்கள். ஏர்போர்ட் பாஸை ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், ரிலீவிங் லெட்டரைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு ஒரு விமான நிறுவனத்தில் பைலட்டாகச் சேரப் போகும்போது, முன்னால் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார்கள்.