இலைச் சாற்றில் சிவப்பு வெளிச்சம்: வீட்டிலேயே ஓர் ஒளி உணரி

விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவிக்குள் இருப்பவை இரண்டு எல்.ஈ.டி.யும் ஓர் ஒளி உணரியும்தான். ஒன்று 660 நானோமீற்றர் சிவப்பு, மற்றது 940 அளவில் அகச்சிவப்பு. இரண்டையும் இரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. நாம் இரத்தத்தை விட்டுவிட்டுப் பச்சையத்தில் தொடங்குவோம். மலையகத்தில் பச்சைக்கா பஞ்சம்?

தேவையானவை: நோட்டுப் பார்க்கும் ஊதா டோர்ச் (395 நானோமீற்றர்), ஒரு எல்.டி.ஆர். (வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் சின்ன உணரி), மின்தடையை ஓமில் அளக்க மல்டிமீற்றர், சிவப்பு செலோபேன் தாள், கறுப்பு டேப், நிறமில்லாத சின்னக் கண்ணாடிப் போத்தல், அது அடங்கும் அட்டைப் பெட்டி, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்.

1. சாறு எடுப்பது

ஒரு பிடி வல்லாரையைப் பொடியாக நறுக்கி, நசுக்கி, மூழ்கும் அளவுக்கு ஸ்பிரிட் ஊற்றி மூடி, இருட்டில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு பஞ்சில் வடிகட்டுங்கள். குளிருக்கு அடுப்படியில் உட்கார்ந்து செய்யலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்பிரிட் ஆவி தீப்பிடிக்கும்.

2. முதலில் கண்ணால்

அறையை இருட்டாக்கி, போத்தலின் பக்கவாட்டில் டோர்ச் அடியுங்கள். பச்சைச் சாறு இரத்தச் சிவப்பாக ஒளிரும். ஊதா ஒளியை உறிஞ்சிய பச்சையம், சக்தி குறைந்த சிவப்பாக, ஏறத்தாழ 670 நானோமீற்றரில், திருப்பிக் கொடுக்கிறது. 1834இல் டேவிட் புரூஸ்டர் இலைச் சாற்றில் கவனித்ததும் இந்தச் சிவப்பைத்தான். உயிருள்ள இலையில் பெரும்பகுதிச் சக்தி ஒளித்தொகுப்புக்கும் வெப்பத்துக்கும் போய்விடுவதால் இந்த ஒளிர்வு கண்ணுக்குப் படாது. டோர்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம்.

3. பெட்டி

டோர்ச்சுக்கு ஒரு பக்கத்தில் துளை, எல்.டி.ஆருக்கு அடுத்த பக்கத்தில் துளை. எதிர்ப்பக்கத்தில் அல்ல! எதிரெதிரே வைத்தால் டோர்ச் வெளிச்சமே நேராக உணரியில் விழும். செங்கோணத்தில் வைத்து, எல்.டி.ஆருக்கு முன் செலோபேன் இரண்டு மடிப்பு ஒட்டினால் ஊதா பெரும்பாலும் தடைபட்டுச் சிவப்பு மட்டும் போகும். மூலைகளுக்கெல்லாம் கறுப்பு டேப்.

4. அளவிடுவது

மீற்றரை 2 மெகா ஓமில் வையுங்கள். முதலில் வெறும் ஸ்பிரிட்டை வைத்து டோர்ச் போடுங்கள். திரையின் இடது ஓரத்தில் ‘1’ மட்டும் நின்றால் அளவு எல்லையைத் தாண்டிவிட்டது, அதாவது உள்ளே நல்ல இருட்டு. எண் ஏதாவது வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். டோர்ச்சை அணைத்தும் அது அப்படியே நின்றால் பெட்டி ஒழுகுகிறது. இந்த வெற்று அளவு இல்லாமல் பின்னால் வரும் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். இப்போது சாறு. வெளிச்சம் கூடக் கூட ஓம் குறையும். எல்.டி.ஆர். மந்தமானது, அரை நிமிடம் பொறுத்து வாசியுங்கள்.

5. ஐதாக்கல்

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். சாறு கெட்டியாக இருந்தால் ஒளிர்வும் கூடும் என்று தோன்றும். ஆனால் கெட்டிச் சாற்றில் ஊதா ஒளி கண்ணாடி ஓரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. நடுப்போத்தலைப் பார்க்கும் உணரிக்கு ஒன்றும் வராது. வெளிப்பட்ட சிவப்பிலும் ஒரு பங்கைப் பச்சையமே மறுபடி விழுங்கும். ஊசியில்லாத சிரிஞ்சால் 5 மில்லிலீற்றர் சாறும் 5 மில்லிலீற்றர் ஸ்பிரிட்டும் கலந்து அளவிடுங்கள். அதில் பாதியை எடுத்து மீண்டும் அதே அளவு ஸ்பிரிட். இப்படியே போனால் ஒளிர்வு முதலில் ஏறி, ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்கும். ஒப்பிட உதவுவது அந்த இறங்கும் பகுதி மட்டுமே.

6. தேயிலை

கொழுந்தையும் முற்றிய இலையையும் ஒரே எடையில், ஒரே அளவு ஸ்பிரிட்டில் போட்டு ஒப்பிடலாம். நறுக்கிய கையோடு ஊறப்போடுங்கள், தாமதித்தால் பழுப்பேறும். கடும் பச்சை முற்றிய இலைக்கே பச்சையம் அதிகம். கடைத் தேயிலைத் தூளில் இந்தப் பெட்டி ஏமாற்றும்: பதப்படுத்தும்போது பச்சையத்தில் பெரும்பகுதி மக்னீசியத்தை இழந்து பியோபைற்றினாக மாறியிருக்கும், அதுவும் சிவப்பாகவே ஒளிரும். நீர்த்தேக்கங்களில் பாசியை அளக்கும் கருவிகளும் இதே ஒளிர்வைத்தான் பார்க்கின்றன. ஆனால் நுவரெலியா கிரகரி வாவித் தண்ணீரை நேரடியாக ஊற்றாதீர்கள். வடிதாளில் பாசியைப் பிடித்து, தாளை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால்தான் இந்த எளிய உணரிக்கு எட்டும்.

மிஞ்சிய சாற்றைக் கறுப்புத் தாளில் சுற்றி வையுங்கள். வெளிச்சம் பட்டால் நிறம் வெளுத்துவிடும். அளவுகளை அன்றே எடுத்துவிடுவது நல்லது.