இடைத்துளைச் சிலிக்காத் துணிக்கைகளின் வளர்ச்சியையும் வடிவத்தையும் ஆராயும் முறை

அம்பாறை மாவட்டத்து நெல் ஆலைகளில் குவியும் உமியின் சாம்பல் பெரும்பாலும் சிலிக்காவே என்பதால், வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பயிலும் மாணவர் இடைத்துளைச் சிலிக்காவை, அதாவது சில நனோமீற்றர் அகலத் துளைகள் நிறைந்த சிலிக்காவை, அதிலிருந்தே செய்ய விரும்புவது இயல்பு. எனினும் வளர்ச்சி வேகத்தை அளப்பது நோக்கமாயின் அதைப் பிற்பாட்டுக்கு வைப்பதே நல்லது. சாம்பலைக் காரத்தில் கரைத்துப் பெறும் சோடியம் சிலிக்கேற்றில் சிலிக்கா ஏற்கெனவே ஓரளவு பிணைந்திருப்பதால் தொடக்கக் கணத்தைத் திட்டமாகக் குறிக்க இயலாது.

480 மில்லிலீற்றர் வடித்த நீரில் துளைகளுக்கு அச்சாக அமையும் சவர்க்காரம் போன்ற பரப்பு இயங்கியான சீற்றைல்ரைமெதிலமோனியம் புரோமைட்டில் 1 கிராமைக் கரைத்து, 2 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் 3.5 மில்லிலீற்றர் சேர்த்து, 80 பாகை செல்சியசில் சீராகக் கலக்கிக்கொண்டு, சிலிக்காவைத் தரும் திரவமான ரெற்றாஎதொக்சிசிலேனில் 5 மில்லிலீற்றரை ஒரே முறையில் ஊற்ற வேண்டும். துளித்துளியாக விடுவதே வழக்கமாயினும், அது நேரக்கணக்கின் பூச்சியத்தை மங்கச் செய்துவிடும். மட்டக்களப்பின் வெக்கையில் இப்பரப்பு இயங்கி எளிதில் கரையும். குளிரூட்டிய அறையில், ஏறத்தாழ 25 பாகைக்குக் கீழ், பளிங்காகப் படிந்துவிடும்.

மாதிரி எடுப்பதே இவ்வாய்வின் உயிர்நாடி. கரைசல் சில நிமிடங்களிலேயே வெண்மையாகத் தொடங்குவதால், முதற் பத்து நிமிடங்களில் நெருக்கமாகவும் பின்னர் இரண்டு மணி நேரம் வரை இடைவிட்டும் 1 மில்லிலீற்றர் வீதம் எடுத்து, அதிலுள்ள காரத்தை நடுநிலையாக்கப் போதிய ஐதரோக்குளோரிக்கமிலம் கலந்த 19 மில்லிலீற்றர் குளிர்ந்த நீரில் உடனே விட வேண்டும். இருபது மடங்கு ஐதாக்கும்போது பரப்பு இயங்கியின் செறிவு மைசெல்கள் (அதன் மூலக்கூறுகள் திரண்ட சிறு கூட்டங்கள்) உருவாகத் தேவையான, ஏறத்தாழ 1 மில்லிமோலார் அளவுக்கு வெகு கீழே இறங்குவதால், புதிய துணிக்கை தோன்றுவதும் பெருமளவில் தடைப்படும்.

இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களில், அழகாகத் தெரிபவற்றை மட்டும் பொறுக்காமல், ஒவ்வொரு மாதிரியிலும் குறைந்தது இருநூறு துணிக்கைகளின் நீள அச்சையும் குறுகிய அச்சையும் அளக்க வேண்டும். விட்டத்தின் மும்மடிச் சராசரி, படிந்த சிலிக்காவின் அளவுக்கு நேர்விகிதமாக உயர்ந்தால் துணிக்கைகளின் எண்ணிக்கை மாறவில்லை எனக் கொள்ளலாம். அதைவிட மெதுவாக உயர்ந்தால் புதியவை தோன்றுகின்றன, விரைவாக உயர்ந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. உலரும்போதும் துணிக்கைகள் ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஈர நிலையில் ஒளிச் சிதறல் முறையாலும் பருமனைச் சரிபார்ப்பது அவசியம்.

வடிவத்தை மாற்ற விரும்பினால் காரம், வெப்பநிலை, கலக்கும் வேகம் ஆகியவற்றுள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். சோடியம் ஐதரொட்சைட்டுக்குப் பதிலாக அமோனியாவும் எதனோலும் கலந்த ஊடகம் கோளங்களைத் தரும்.

செப்பின் Kα கதிரைக் கொண்டு செய்யும் எக்ஸ்-கதிர் விளிம்புவளைவில், கதிர் திரும்பும் முழுக் கோணமான 2θ 2.2 பாகையருகே இருக்கையில் முதல் உச்சி தோன்றினால் தளங்களின் இடைத்தூரம் ஏறத்தாழ 4 நனோமீற்றர். அறுகோண ஒழுங்கில் அதை 2/√3 ஆல் பெருக்க, அடுத்தடுத்த துளைகளின் மையங்களுக்கிடையிலான தூரம் ஏறத்தாழ 4.6 நனோமீற்றர் என வரும். மிகச் சிறிய துணிக்கைகளில் உச்சிகள் அகன்று, இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகத் தெரியலாம். அதை மட்டும் கொண்டு துளைகள் ஒழுங்கற்றவை என்று முடிவுகட்டக் கூடாது.