பொலிஸ் அடித்தால் எங்கே, எப்படி முறைப்பாடு செய்வது?

பொலிசில் அடி வாங்கி ஒருவர் தோட்டத்து லயத்துக்கு (வரிசை வீட்டுக்கு) வந்து சேர்ந்ததும் காதில் விழுகிற முதல் பேச்சு, "தலைவரிடம் சொல்லிப் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்பதுதான். தாராளமாகப் பேசுங்கள். ஆனால் பேசிப் பேசியே ஒரு மாதத்தைக் கடத்திவிடாதீர்கள், ஏனென்றால் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குப் போக இலங்கை அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை தருகிற காலம் அவ்வளவுதான்.

முதலில் ஆஸ்பத்திரி, அதுவும் அன்றைக்கே. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டினால் போதாது, அரச ஆஸ்பத்திரிக்குப் போய் "பொலிஸ் அடித்தது" என்று டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பயத்தில் "படியில் விழுந்துவிட்டேன்" என்றால் டிக்கட்டில் (ஆஸ்பத்திரிக் குறிப்பில்) அதுதான் ஏறும், பிறகு எதிர்த்தரப்பு லோயர் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்வார். காயங்களைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காயத்தை ஃபோனில் படமெடுங்கள். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி நீட்டினால், விளங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

அடுத்தது மனித உரிமைகள் ஆணைக்குழு. கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, 1996க்கு அழைக்கவும் செய்யலாம். தமிழிலேயே எழுதுங்கள்: நாள், நேரம், ஸ்டேஷன், அதிகாரியின் பெயர், தெரியாவிட்டால் சட்டையில் இருக்கும் இலக்கம், பார்த்தவர்கள் யார். ஒரு மாதத்துக்குள் இங்கே முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை நடக்கிறது என்பதற்கு அவர்களிடமிருந்து கடிதம் வாங்கி வைத்திருங்கள், முறைப்பாடு கொடுத்ததற்குத் தரும் வெறும் துண்டை நம்பி இருக்காதீர்கள்.

தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் போடுங்கள். அங்கே ஒழுக்காற்று நடவடிக்கைதான், பணம் கிடைக்காது.

நஷ்டஈடு வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று மேலே சொன்ன அடிப்படை உரிமை மனு. மிரிஹானவில் நடந்த சித்திரவதைக்காக, தீர்ப்பு நேரத்தில் பதில் பொலிஸ் மா அதிபராக இருந்த தேசபந்து தென்னக்கோனும் மற்ற அதிகாரிகளும் தலா 5 லட்சம் ரூபா கட்ட வேண்டும் என்று 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது இப்படியொரு மனுவில்தான். மற்றது மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கு. இதற்கு இரண்டு வருடம் இருக்கிறது, ஆனால் வழக்குப் போட ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், அதனால் கடைசி வாரத்தில் லோயரைத் தேடி ஓடினால் சரிவராது. காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள், சம்பளச் சீட்டையும் ஐடியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு.