தேர்வுத்தாளைத் திருத்தியாயிற்று, அடுத்து என்ன? வினாவாரியாக அலசும் முறை

பி.எட். கற்பித்தல் பயிற்சியில் சாதனைத் தேர்வு (நடத்திய பாடத்தை மாணவர் எவ்வளவு கற்றார் என்று பார்க்கும் தேர்வு) வைக்கிறோம். சராசரி, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) எல்லாம் போட்டு, எந்த மதிப்பெண்ணை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று காட்டும் அலைவெண் பலகோணமும் வரைந்து ரெக்கார்டில் சேர்த்துவிடுகிறோம். ஆனால் நாளை வகுப்பில் எதைத் திரும்ப நடத்துவது, யாருக்கு நடத்துவது என்பதை அந்தப் பலகோணம் சொல்லாது. அதற்கு வினாவாரியாகப் பார்க்க வேண்டும். சராசரி கணக்கிடும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

படி 1: அட்டவணை

மாணவருக்கு ஒரு வரிசை, வினாவுக்கு ஒரு பத்தி. எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. தேர்வு முடிவை அலசித் தரும் செயலிகள் தொடக்கத்தில் வேண்டாம் என்பேன். வண்ண வரைபடம் வந்துவிடும், எண் எப்படி வந்தது என்பது மட்டும் பிடிபடாது.

படி 2: கட்டத்துக்குள் என்ன எழுதுவது?

சரி என்றால் 1, தவறு என்றால் 0 என்று நிரப்பத்தான் கை போகும். எனக்கு இந்தப் படி பிடிபடத்தான் அதிக நாளானது. தவறாக எழுதியிருந்தால், அந்தத் தவறான விடையையே கட்டத்தில் எழுதுங்கள்.

403 − 178 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். விடை 225. பத்துப் பேர் தவறவிட்டால் பத்து 0 கிடைக்கும், அவ்வளவுதான். விடைகளை எழுதிப் பார்த்தால் ஆறு பேர் 375, மூன்று பேர் 235, ஒருவர் எழுதவேயில்லை என்று தெரியவரும். 375 எழுதியவர்கள் ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார்கள். கடன் வாங்குவதே அவர்களுக்குப் பிடிபடவில்லை. 235 எழுதியவர்களுக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவிலுள்ள 0 பத்தாகி, அதிலிருந்து ஒன்று போனபின் 9 ஆக வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். இரு கூட்டத்துக்கும் ஒரே குறைதீர் கற்பித்தல் (தவறைச் சரிசெய்யத் திரும்ப நடத்துவது) நடத்தினால் ஒரு கூட்டம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

எழுதாமல் விட்டதற்குக் கோடு போடுங்கள், 0 வேண்டாம். தாளின் கடைசி வினாக்களில் கோடுகள் குவிந்திருந்தால் பெரும்பாலும் நேரம்தான் போதவில்லை.

படி 3: வரிசைப்படுத்துதல்

இப்போது நகல் ஒன்று எடுத்து, அதில் மட்டும் 1, 0 ஆக மாற்றுங்கள். மொத்த மதிப்பெண்படி மேலிருந்து கீழாக அடுக்குங்கள். முழு அட்டவணையையும் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். ஒரு பத்தியை மட்டும் அடுக்கினால் ஒருவர் மதிப்பெண் இன்னொருவர் பெயருக்குப் போய்விடும். அப்புறம் எளிய வினாக்கள் இடப்பக்கம் வருமாறு பத்திகளையும் மாற்றுங்கள். ஜப்பானில் 1970களில் தகாஹிரோ சாத்தோ உருவாக்கிய எஸ்-பி (Student-Problem, மாணவர்-வினா) அட்டவணையின் அடிப்படை இதுதான். 1கள் இடப்பக்க மேல்மூலையில் திரளும். நடுவே துருத்தும் 0 ஒவ்வொன்றும் விசாரிக்க வேண்டியது: நன்றாக எழுதுபவர் எளிய வினாவை ஏன் தவறவிட்டார்?

படி 4: இரண்டு குறியீடுகள்

கடினக் குறியீடு (சரியாக எழுதியவர்களின் பங்கு): 40 பேரில் 18 பேர் சரி என்றால் 0.45. பெயர்தான் குழப்பும், எண் கூடினால் வினா எளிது.

பிரித்தறியும் குறியீடு (நன்றாக எழுதுபவரையும் தடுமாறுபவரையும் வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பது): அடுக்கிய பட்டியலில் மேலே 27% மாணவர், கீழே 27% மாணவர் எடுப்பது 1939-இல் ட்ரூமன் கெல்லி காட்டிய வழி. 40 பேருக்கு 11 பேர். மேல்குழுவில் 9, கீழ்க்குழுவில் 3 பேர் சரி என்றால் (9 − 3) ÷ 11 = 0.55, நல்ல வினா. எதிர்மறையாக வந்தால் மாணவரைக் குறை சொல்லும் முன் உங்கள் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள்.

படி 5: முடிவு

பாதிக்கு மேல் தவறா? முழு வகுப்புக்கும் வேறு முறையில் நடத்துங்கள். சிலர்தானா? ஒரே தவறு செய்தவர்களைச் சேர்த்துச் சிறு குழு. மறுநாள் இரண்டு மூன்று வினாக்களால் சோதித்துவிட்டுக் குழுவைக் கலைத்துவிடுங்கள். அதை நிரந்தர இருக்கையாக்க வேண்டாம்.

பின்சேர்க்கை

வகுப்பில் 12 பேர்தான், என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே 27% என்பது மூன்றே பேர், ஒருவர் மாறினாலே எண் தாவும். மேல்பாதி, கீழ்பாதி என்று பிரியுங்கள். அதைவிடப் படி 2-ஐ நம்புங்கள்.

நெடுவினாவுக்கு 1, 0 பொருந்தாது. வகுப்புச் சராசரியை முழு மதிப்பெண்ணால் வகுங்கள்: 5-க்குச் சராசரி 3 என்றால் 0.6. கருத்து, எடுத்துக்காட்டு, படம் என மதிப்பெண்ணைப் பிரித்துத் தனித்தனிப் பத்தியில் எழுதினால் எங்கே சறுக்கினார்கள் என்பதும் தெரியும்.