ஒலி வருகிறது, படம் வரவில்லையா? 10-பிட் 4:2:2 கிளிப்களை இலவச ரிசால்வில் திறக்கும் வழி

சோனி ஏ7எஸ்3 போன்ற கேமராவில் எடுத்த 4கே கிளிப்பை, விண்டோஸ் கணினியில் உள்ள டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் போட்டால் பல நேரம் ஒலி மட்டும் கேட்கும். படம் வராது, அல்லது 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்பாக நிற்கும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. எச்.264, எச்.265 கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறை) 10-பிட் 4:2:2 ஆக, அதாவது கூடுதல் நிறத் தகவலோடு, பதிவான காட்சியைப் படிக்கும் வசதி, காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் இருக்கிறது. விண்டோஸில் கோடெக் பேக் ஏற்றியும் பயனில்லை. ரிசால்வ் அதைத் தொடுவதே இல்லை.

முதலில் நோய் இதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கிளிப்பைத் திறந்து, வீடியோ பகுதியில் மூன்று வரிகளைப் பாருங்கள்: ஃபார்மேட், குரோமா சப்சாம்ப்ளிங், பிட் டெப்த். ஏவிசி (எச்.264) அல்லது எச்இவிசி (எச்.265), 4:2:2, 10 பிட் என்று இருந்தால் மாற்றியே ஆகவேண்டும். 8 பிட், 4:2:0 என்று இருந்தும் திறக்கவில்லையென்றால், வெளி உறையான கன்டெய்னரில் சிக்கல் இருக்கலாம். அதற்கு ரீராப் செய்து, அதாவது படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றிப் பாருங்கள்; சில நொடி வேலை, தரம் துளியும் குறையாது.

மாற்றுவதற்கு ஷட்டர் என்கோடர் போதும். இலவசம், உள்ளே ஓடுவது எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவி. கார்டில் இருந்து நேரடியாக மாற்றாதீர்கள். கார்டு முழுவதையும் அப்படியே ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். எம்பி4 ஃபைல்கள் பிரைவேட், எம்4ரூட், கிளிப் என்ற ஃபோல்டர் வரிசைக்குள் இருக்கும். அவற்றை ஷட்டர் என்கோடரின் பட்டியலில் இழுத்துப் போட்டு, ஃபங்ஷனில் டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற எடிட்டிங் கோடெக்கைத் தேர்ந்தெடுங்கள். அவுட்புட்டுக்குத் தனி ஃபோல்டர் காட்டுங்கள். இல்லாவிட்டால் மூல ஃபைல்களோடு கலந்துவிடும்.

அடுத்துத் தர வகை. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். எல்பி, எஸ்க்யூ, எச்க்யூ மூன்றும் 8 பிட். பெயரைப் பார்த்து எச்க்யூவை எடுத்தால் படம் திறக்கும், முதல் பார்வைக்கு அழகாகவும் தெரியும். ஆனால் எஸ்-லாக்3 (கலர் கிரேடிங்குக்காகவே மங்கலாகப் பதியும் சோனி முறை) காட்சியில் கலர் கிரேடிங் தொடங்கியதும் வானத்திலும் சுவரிலும் பட்டை பட்டையாகக் கோடு விழும். 10-பிட்டில் எடுத்ததன் பலனே அதோடு போய்விடும். எடுக்க வேண்டியது 10 பிட்டைக் காக்கும் எச்க்யூஎக்ஸ். லட் (நிறம் மாற்றும் ஃபைல்) எதையும் இங்கே ஏற்றாதீர்கள், அது ரிசால்வில் செய்யும் வேலை. பிரேம் ரேட், ரெசல்யூஷன் இரண்டையும் தொடாதீர்கள்.

எல்லாக் கிளிப்பையும் ஒரே மூச்சில் ஓட்டிவிடாமல், ஒன்றை மட்டும் மாற்றி ரிசால்வில் போட்டுப் பாருங்கள். கருப்பு வெளுத்தோ, நிழல் முழுவதும் அடைபட்டோ தெரிந்தால், கிளிப் ஆட்ரிபியூட்ஸில் டேட்டா லெவல்ஸை வீடியோ, ஃபுல் என்று மாற்றிப் பார்த்து, வேறு பிளேயரில் ஓடும் மூலக் கிளிப்போடு ஒப்பிடுங்கள். பல கேமராக்களை டைம்கோடு (ஒவ்வொரு பிரேமிலும் பதிவாகும் நேரக் குறி) வைத்துப் பொருத்துபவர்கள், அதுவும் மாறாமல் வந்திருக்கிறதா என்று இப்போதே சரிபார்ப்பது நல்லது.

இடம் நிறைய வேண்டும். 3840x2160 அளவில், 25 பிரேமில், எச்க்யூஎக்ஸ் நொடிக்குச் சுமார் 87 எம்பி, அதாவது நிமிடத்துக்கு 5 ஜிபிக்கு மேல் பிடிக்கும். கேமரா நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிந்திருந்தால் மூல ஃபைல் நிமிடத்துக்கு 0.75 ஜிபிதான், ஏழு மடங்கு வீங்குகிறது. ஒரு மணி நேரக் காட்சிக்கு 300 ஜிபிக்கு மேல் ஒதுக்குங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு கிளிப்பை ஓட்டிவிடும். இரண்டு மூன்று கேமராக் காட்சிகளைச் சேர்த்து ஓட்டினால் திணறும். எஸ்எஸ்டி இருந்தால் அதில் வையுங்கள். இடமே இல்லையென்றால், தேவையான பகுதியை மட்டும் வெட்டி மாற்றுங்கள். அதற்காக எச்க்யூவுக்கு இறங்க வேண்டாம்; எச்க்யூஎக்ஸ் பிடிக்கும் இடத்தையேதான் அதுவும் பிடிக்கும்.

மூல ஃபைல்களை வேலை ஒப்படைக்கும்வரை அழிக்கவே கூடாது. நடுக்கம் நீக்க உதவும் கைரோ தகவல் அவற்றில்தான் இருக்கிறது, மாற்றிய ஃபைலுக்கு அது வராது. கையில் பிடித்து எடுத்த காட்சியாக இருந்தால் சோனியின் கேட்டலிஸ்ட் பிரவுஸ் மென்பொருளில் மூல ஃபைலை வைத்தே நடுக்கத்தை நீக்கிவிட்டு, அதிலிருந்து வரும் ஃபைல் ரிசால்வில் திறக்காவிட்டால் மட்டும் டிஎன்எக்ஸ்எச்ஆருக்கு மாற்றுங்கள்.