அடுத்த ஸ்கூபா பயிற்சி எது? சிங்கப்பூரில் முக்குளிப்போருக்கான தேர்வு முறை

ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படைச் சான்றிதழ் அட்டை கைக்கு வந்த மறுவாரமே முக்குளிப்பு நிலையங்கள் ஒரு நீண்ட பட்டியலை அனுப்பத் தொடங்கிவிடும். ஆழம், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் மிகுந்த காற்றுக் கலவை), மூழ்கிய கப்பல், இரவு முக்குளிப்பு, நீரடி ஒளிப்படம், மிதப்புக் கட்டுப்பாடு, வழியறிதல் என்று அதில் இல்லாத சிறப்புப் பயிற்சி இல்லை. எல்லாவற்றையும் எடுப்பதற்குப் பணமும் விடுப்பும் யாரிடமும் இருப்பதில்லை. எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது, எதைத் தொடவே வேண்டாம் என்று முடிவு செய்ய நான் பின்பற்றும் முறையை இங்கே எழுதுகிறேன். கருவிகளை மாட்டுவதும் காதழுத்தத்தைச் சமன் செய்வதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: உங்கள் முக்குளிப்பை முடித்துவைத்தது எது?

முக்குளிப்புகளைப் பதிவு செய்யும் லாக் புத்தகத்தைத் திறந்து, அண்மையில் நீங்கள் செய்த ஒவ்வொரு முக்குளிப்பும் எதனால் முடிவுக்கு வந்தது என்று பக்கத்தின் ஓரத்தில் எழுதுங்கள். உடன் வந்தவரின் சிலிண்டரில் 100 பார் அழுத்தக் காற்று மீதமிருக்க உங்களுக்கு மட்டும் காற்று தீர்ந்ததா? காற்று மீதமிருக்கும்போதே, அந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் நேரம் முடிந்தது என்றதா? வழி தெரியாமல் மேலே வந்தீர்களா? நீரோட்டம் உங்களைப் படகிலிருந்து வெகுதூரம் இழுத்துச் சென்றதா? எந்த விடை மிகுதியாக வருகிறதோ, அதுவே உங்களுக்கு உரிய பயிற்சியைச் சொல்லிவிடும். காற்று என்றால் மிதப்புக் கட்டுப்பாடு. நேரம் என்றால் நைட்ராக்ஸ். திசை என்றால் வழியறிதல். நீரோட்டம் என்றால் அதற்குரிய பயிற்சியும், நீங்கள் இருக்கும் இடத்தை மேற்பரப்பில் காட்டும் மிதவைக் குழாயும்.

படி 2: முதலில் எடையைச் சரிசெய்யுங்கள்

தொடக்க நிலையில் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு முதற்படியின் விடை காற்று என்றே வரும். பலர் அதற்குத் தங்கள் நுரையீரலைக் குறை சொல்வார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் இடுப்பில் கட்டிய கூடுதல் ஈயம். எடை மிகுந்தால் அதை ஈடுகட்ட பி.சி.டி. என்ற மிதப்பு அங்கியில் காற்றை நிரப்புகிறோம். அந்தக் காற்று ஆழத்துக்கு ஏற்பச் சுருங்கியும் விரிந்தும் நம்மை மேலும் கீழும் இழுக்கிறது. உடல் சாய்ந்து, கால்கள் தாழ்ந்து, ஓயாமல் உதைத்து, மூச்சு வாங்குகிறது.

சோதனையைச் செய்யும் முறை இது. நீரின் மேற்பரப்பில் நிமிர்ந்த நிலையில், கால்களை அசைக்காமல், மூச்சுக் கருவியான ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு, பி.சி.டி.யில் உள்ள காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள். இயல்பான ஒரு மூச்சை உள்ளிழுத்து நிறுத்தினால் நீர்மட்டம் கண்களின் உயரத்தில் நிற்க வேண்டும்; மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். மிகப் பலர் இதை நிறைந்த சிலிண்டருடன் செய்துவிட்டு, முக்குளிப்பின் முடிவில் மேலே வரும் முன் 5 மீட்டர் ஆழத்தில் செய்யும் பாதுகாப்பு நிறுத்தத்தில் நிற்க முடியாமல் மேலே மிதக்கிறார்கள். காரணம் எளிமையானது. 11 லிட்டர் சிலிண்டர் 200 பாரிலிருந்து 50 பாருக்கு இறங்கும்போது ஏறத்தாழ 2 கிலோகிராம் காற்று வெளியேறிவிடுகிறது. சிலிண்டர் அந்த அளவுக்கு இலேசாகிறது. ஆகவே 50 பார் மீதமிருக்கும்போது சோதனை செய்யுங்கள். நிறைந்த சிலிண்டருடன்தான் செய்ய முடியும் என்றால், கிடைத்த அளவோடு 2 கிலோகிராமைக் கூட்டிக்கொள்ளுங்கள். நீச்சல் குளத்தில் சரியாக இருந்த எடை கடலில் போதாது. உப்புநீரின் அடர்த்தியால் மேலும் 2 முதல் 3 கிலோகிராம் தேவைப்படும். ஈர உடையை மாற்றினாலும் கணக்கு மாறும். உடை, சிலிண்டர் வகை, எடை ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முறையும் லாக் புத்தகத்தில் குறித்து வைப்பது எந்தச் சான்றிதழையும் விடப் பயன்தரும்.

இதற்குப் பிறகும் நீரில் நிலையாக நிற்க முடியவில்லை என்றால் மிதப்புப் பயிற்சியில் சேருங்கள். இரண்டே முக்குளிப்புகளில் முடியும். நல்ல பயிற்றுநரிடம் எடுத்தால் பட்டியலில் உள்ள மற்ற எல்லாவற்றையும் விட இதுவே மதிப்புள்ளது என்பது என் கருத்து.

படி 3: அட்வான்ஸ்ட் பயிற்சியைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்

பி.ஏ.டி.ஐ. என்ற பயிற்சி அமைப்பின் அடுத்த நிலையான அட்வான்ஸ்ட் ஓப்பன் வாட்டரில் ஐந்து அட்வென்ச்சர் முக்குளிப்புகள் உள்ளன. ஆழமும் வழியறிதலும் கட்டாயம். மற்ற மூன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு அட்வென்ச்சர் முக்குளிப்பையும் அதே தலைப்பிலுள்ள சிறப்புப் பயிற்சியின் முதல் முக்குளிப்பாகப் பயிற்றுநர் கணக்கில் சேர்க்கலாம். ஆகவே பின்னாளில் எடுக்க எண்ணியிருப்பவற்றையே தேர்ந்தெடுத்து, எதை முடித்தீர்கள் என்பதைப் பயிற்றுநரின் கையொப்பத்துடன் பதிவு செய்துகொள்ளுங்கள். நான் மிதப்பு, இரவு, நீரோட்டம் ஆகிய மூன்றையே பரிந்துரைப்பேன்.

எஸ்.எஸ்.ஐ. என்ற மற்றொரு பயிற்சி அமைப்பில் கதை வேறு. அங்கே அட்வான்ஸ்ட் ஓப்பன் வாட்டர் என்பது நான்கு சிறப்புப் பயிற்சிகளையும் 24 முக்குளிப்புகளையும் முடித்தவருக்குக் கிடைக்கும் தகுதி. ஐந்து முக்குளிப்புகளைக் கொண்ட அறிமுகப் பயிற்சிக்கு அட்வான்ஸ்ட் அட்வென்ச்சரர் என்ற பெயர் உண்டு. இரண்டு நிலையங்களின் விலையை ஒப்பிடும்போது எந்த அமைப்பின் எந்தப் பயிற்சி என்று கேட்காவிட்டால் ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

படி 4: நம் கடலுக்கு ஏற்றது எது?

சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவில் பல நாள்களில் இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. கப்பல் போக்குவரத்து மிகுந்த பகுதி என்பதால் தவறான இடத்தில் மேலே வருவது ஆபத்தானது. வழியறிதலைக் கற்க இதைவிடக் கறாரான பள்ளி கிடையாது. இங்கே திசைகாட்டியை நம்பப் பழகியவருக்குத் தெளிந்த நீர் எளிதாகிவிடும். மிதவைக் குழாயைக் கயிற்றில் கட்டி மேலே விடுவதற்குக் கைப்பிடிச் சுழலியை விட விரலில் மாட்டும் சிறிய உருளையே மேல். அதில் சிக்கிக்கொள்ளும் பாகங்கள் இல்லை. புகைப்படக் கருவி வாங்குவதற்கு முன் சொந்தமாக ஒரு டைவ் கம்ப்யூட்டர் வாங்குங்கள்.

ஆழப் பயிற்சி 40 மீட்டர் வரை செல்லத் தகுதி தரும். உள்ளூரில் அதற்குப் பெரிதாக வேலையில்லை. மலேசியாவின் தியோமான் தீவு, இந்தோனேசியாவின் பாலி போன்ற இடங்களுக்குச் செல்பவர்களுக்கே அது தேவை. தியோமானின் பருவம் ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை என்பதால், விசாக தினம், தேசிய தினம் ஆகியவற்றை ஒட்டிய நீண்ட வாரயிறுதிகளில் பயிற்சியை வைத்துக்கொள்ளலாம். தீபாவளி விடுமுறையை அதற்காக நம்பியிருப்பது சரியன்று.

மூழ்கிய கப்பல் பயிற்சிக்கு பாலித் தீவின் துலாம்பென் நல்ல இடம். 1942இல் டார்பிடோவால் தாக்கப்பட்டுக் கரையேற்றப்பட்ட லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல், 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. கரையிலிருந்தே நீந்திச் சென்று பார்க்கலாம். அதே பயிற்சி, மலேசியாவின் குவாந்தானுக்கு அப்பால் 1941 டிசம்பர் 10 அன்று மூழ்கிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் போர்க்கப்பல்களுக்கு அனுமதிச் சீட்டாகாது. அவை கிடக்கும் கடற்படுகை 50 மீட்டருக்கும் கீழே உள்ளது.

படி 5: நைட்ராக்ஸ் உங்களுக்கு வேண்டுமா?

நைட்ராக்ஸ் ஆழமாகச் செல்வதற்கானது என்பது பரவலான தவறான எண்ணம். 32 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட கலவையின் ஆழ எல்லை, பாதுகாப்பு வரம்பான 1.4 பார் ஆக்சிஜன் அழுத்தத்தின்படி ஏறத்தாழ 33 மீட்டர். 36 விழுக்காட்டுக்கு 28 மீட்டர். அதாவது ஆக்சிஜன் கூடக் கூட எல்லை மேலே வருகிறது. அது தருவது நேரம். 18 மீட்டரில் பி.ஏ.டி.ஐ. அட்டவணை சாதாரணக் காற்றுக்கு 56 நிமிடம் தருகிறது. 32 விழுக்காட்டுக் கலவைக்கு 95 நிமிடம். ஆனால் 40 நிமிடத்தில் சிலிண்டரைத் தீர்ப்பவருக்கு அந்த 95 நிமிடத்தால் என்ன பயன்? அவர் இரண்டாம் படிக்குத் திரும்புவதே நல்லது. ஒரு நாளில் மூன்று நான்கு முறை இறங்கும் படகுப் பயணம் செல்பவர்கள் மட்டும் தயங்காமல் எடுக்கலாம். கடல் முக்குளிப்பு இதில் கட்டாயமில்லை என்பதால் மழைக்காலத்திலேயே முடித்துவிடலாம். சிலிண்டரில் உள்ள ஆக்சிஜன் அளவை நீங்களே சோதித்து, கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் பழக்கத்தை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

தள்ளிவைக்க வேண்டியவை

உலர் உடை, மலை ஏரி ஆகியவற்றுக்கான பயிற்சிகள் நம் வெப்பக் கடலுக்குத் தொடர்பில்லாதவை. ஐந்து சிறப்புப் பயிற்சி, 50 முக்குளிப்பு, ரெஸ்க்யூ (மீட்புப் பயிற்சி) ஆகியவை சேர்ந்தால் மாஸ்டர் ஸ்கூபா டைவர் பட்டம் கிடைக்கும் என்பதற்காக எளிதானவற்றைத் தேடி எண்ணிக்கையை நிரப்புவது வீண். அந்தப் பணத்தை ரெஸ்க்யூ பயிற்சிக்குச் செலவிடுங்கள். கடந்த 24 மாதங்களுக்குள் முதலுதவிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கவனியுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த சிலர் எழுதிய கேள்விகளிலிருந்து இரண்டு செய்திகள். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா போன்ற ஒன்றுக்கு ஆம் என்று குறித்தால் மருத்துவரின் ஒப்புதல் வேண்டியிருக்கும். புறப்படும் முந்தைய நாள் படிவத்தைத் திறக்காதீர்கள். பாலியில் பயிற்சி எடுப்பவர்கள் இறுதி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். ஆகவே விமானச்சீட்டு வாங்குவதற்கு முன், பயிற்சியின் கடைசி முக்குளிப்பு எந்த நாளில், எத்தனை மணிக்கு முடியும் என்று நிலையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.